சிப்ஸ் பாக்கெட்டிலிருந்து என்ன செய்யலாம்? பல அடுக்கு பிளாஸ்டிக் மறுசுழற்சி: ஓர் எளிய விளக்கம்

பழைய பேப்பர் கடைக்குப் பால் கவரைக் கொண்டுபோனால் எடை போட்டுக் காசு கொடுப்பார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு விலை உண்டு. உடைந்த பக்கெட், ஓட்டைக் குடம், கால் போன நாற்காலி எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு விலை உண்டு. சிப்ஸ் பாக்கெட்டையும் ஷாம்பு பாக்கெட்டையும் மூட்டை கட்டிக்கொண்டு போனால் மட்டும் "இதெல்லாம் எடுக்கிறதில்லைங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாக்கடையிலும் ஏரிக்கரையிலும் வேலி முள்ளிலும் இந்த ரகம் இவ்வளவு கிடப்பதற்கு இதுதான் முதல் காரணம். விலை இல்லாத பொருளை யாரும் குனிந்து பொறுக்குவதில்லை.

ஏன் விலை இல்லை? பால் கவர் என்பது பாலித்தீன் என்ற ஒரே பொருள். உருக்கினால் மறுபடியும் பாலித்தீன்தான். சிப்ஸ் பாக்கெட் அப்படியல்ல. இரண்டு, மூன்று, சில சமயம் ஐந்தாறு பொருள்களைத் தலைமுடியைவிட மெல்லிய படலங்களாக்கி, ஒன்றின் மேல் ஒன்று பிரிக்க முடியாதபடி ஒட்டிச் செய்தது. இதைப் பல அடுக்கு பிளாஸ்டிக் என்கிறோம். பிஸ்கட் உறை, மசாலாப் பாக்கெட், காபித்தூள் பாக்கெட், பழச்சாறு அட்டைப்பெட்டி, மாத்திரை அட்டை, பழைய ரக டூத்பேஸ்ட் டியூப் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இந்தக் குப்பையிலிருந்து பலகை செய்கிறார்கள், சாலை போடுகிறார்கள், எண்ணெய் எடுக்கிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வழிகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. எது உண்மையான மறுசுழற்சி, எது கடைசிக் காரியம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்கு முதலில் பாக்கெட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அடுக்கு எதற்கு?

உருளைக்கிழங்கு சிப்ஸுக்கு மூன்று எதிரிகள்: ஈரம், ஆக்ஸிஜன், வெளிச்சம். ஈரம் பட்டால் நமுத்துப்போகும். ஆக்ஸிஜன் பட்டால் எண்ணெய் காறிப்போகும். வெளிச்சம் அந்தக் காறலை இன்னும் வேகப்படுத்தும். இந்த மூன்றையும் மலிவாகத் தடுக்கும் ஒற்றைப் பொருள் இல்லை. பாலித்தீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், சூடு காட்டினால் அழகாக ஒட்டி மூடிக்கொள்ளும். ஆனால் ஆக்ஸிஜனைத் தாராளமாக உள்ளே விடும். பெட் என்கிற பாலியெஸ்டர் உறுதியானது, அச்சு நன்றாகப் பிடிக்கும். ஆனால் சூட்டில் லேசில் ஒட்டாது. அலுமினியம் எல்லாவற்றையும் தடுக்கும். ஆனால் தனியாக விட்டால் மடிப்பில் கிழிந்துவிடும்.

ஆகவே ஒவ்வொன்றின் நல்ல குணத்தையும் ஒவ்வொரு அடுக்காக எடுத்துக்கொண்டார்கள். வெளியே அச்சுக்கு ஒரு படலம். அதன் உள்பக்கத்தில் மை. பிறகு ஒட்டும் பசை. அடுத்து அலுமினியப் பூச்சு உள்ள படலம். கடைசியாக உணவைத் தொடும் பக்கத்தில் சூட்டில் ஒட்டும் பாலித்தீனோ பாலிபுரொப்பலீனோ. எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இதே பாதுகாப்பை ஒற்றைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவர வேண்டுமென்றால் பல மடங்கு தடிமன் வேண்டும். எனவே பல அடுக்கை முட்டாள்தனமான கண்டுபிடிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. குறைந்த பொருளில் உணவைக் காக்கும் கெட்டிக்காரத்தனம் அதில் இருக்கிறது. சிறு கடை, சின்னக் குடும்பம், அன்றாடக் கூலி என்ற நம் வாழ்க்கைக்கு ஒற்றை ரூபாய்ப் பாக்கெட் எவ்வளவு பொருந்தியது என்பதும் நமக்குத் தெரியும். பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஷாம்பு வாங்கலாம் என்று பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையை இந்தியாவில் முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன்.

அலுமினிய அடுக்கில் இரண்டு வகை உண்டு. வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். காலிப் பாக்கெட்டைக் கையில் நன்றாகக் கசக்கி, கையைத் திறந்து பாருங்கள். சிப்ஸ் பாக்கெட் சடசடவென்று விரிந்துகொள்ளும். அதில் இருப்பது தகடு அல்ல. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்த பூச்சு. அதன் தடிமன் நானோமீட்டர் கணக்கில்தான் இருக்கும். சில காபித்தூள் பாக்கெட்டுகளும் மருந்துப் பாக்கெட்டுகளும் கசக்கியபடியே நிற்கும். அவற்றில் உண்மையான அலுமினியத் தகடு, ஏறக்குறைய 7 மைக்ரான் தடிமனில், நடுவே இருக்கிறது. மறுசுழற்சி செய்பவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. தகடாக இருந்தால் அந்த அலுமினியத்தை மீட்டெடுத்து விற்கலாம். பூச்சில் மீட்டெடுக்க ஒன்றுமே இருக்காது, வெறும் கலப்படமாகத்தான் நிற்கும்.

உருக்கினால் என்ன ஆகும்?

சாதாரண பிளாஸ்டிக் மறுசுழற்சி எளிமையானது. வகை பிரி, துண்டாக்கு, கழுவு, உருக்கு, குருணையாக்கு. இதில் ஒவ்வொரு படியிலும் பல அடுக்குப் பாக்கெட் தகராறு செய்கிறது.

வகை பிரிக்கப் பல ஆலைகளில் தண்ணீர்த் தொட்டிதான் கருவி. பாலித்தீனும் பாலிபுரொப்பலீனும் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். பெட்டின் அடர்த்தி சுமார் 1.38, மூழ்கும். இரண்டும் ஒட்டிய துண்டு எங்கே போகும்? எந்த அடுக்கு தடிமனோ அதைப் பொறுத்து மேலேயோ கீழேயோ போய், அங்கிருக்கும் நல்ல பிளாஸ்டிக்கையும் கெடுத்துவிடும்.

உருக்குவதில் இன்னும் பெரிய சிக்கல். பாலித்தீன் படலம் 110 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். பாலிபுரொப்பலீனுக்கு 160-ஐ ஒட்டி வேண்டும். நைலான் 6-க்கு 220. பெட்டுக்கு 250-க்கு மேல். பெட் உருகும்வரை சூடேற்றினால் பாலித்தீன் கெட்டுப்போகத் தொடங்கும். பாலித்தீனோடு நிறுத்தினால் பெட் உருகாத செதிலாகவே கிடக்கும். சரி, எப்படியோ இரண்டையும் உருக்கிவிட்டோம் என்று வைத்துக்கொண்டாலும், அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர விரும்பாதவை. ஆறியதும் ஒன்றுக்குள் மற்றொன்று தனித்தனிச் சொட்டுகளாகப் பிரிந்து நிற்கும். அந்தச் சொட்டுகளின் எல்லையில்தான் முதலில் விரிசல் விடும். அதனால் அந்தப் பிளாஸ்டிக் மொறமொறவென்று உடையும்.

அச்சு மையும் சும்மா இருப்பதில்லை. இரண்டு படலங்களுக்கு நடுவே மாட்டியிருப்பதால் கழுவினாலும் போகாது. உருக்கும்போது சில மைகள் சிதைந்து வாயுவாகி, குமிழியும் கெட்ட வாடையும் உண்டாக்கும். பல நிறமும் கலந்து கடைசியில் கிடைப்பது சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு நிறம். இதோடு மிச்சமிருக்கும் எண்ணெயும் மசாலாத்தூளும் வேறு.

அப்புறம் எடை. ஒரு சின்னப் பாக்கெட் இரண்டு மூன்று கிராம்தான் இருக்கும். ஒரு கிலோ சேர நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும். அதே நேரத்தில் பாட்டில் பொறுக்கினால் ஒரு நாள் கூலி தேறிவிடும். குப்பையிலிருந்து பொறுக்கி வாழ்பவர்கள் சோம்பேறித்தனத்தால் இதை விட்டுவிட்டுப் போகவில்லை, அவர்களுடைய கணக்கு சரியான கணக்கு.

பிரிக்காமல் பலகையாக்குவது

பிரிக்க முடியாததைப் பிரிக்காமலே பயன்படுத்தினால் என்ன? பலகை செய்யும் முறை இந்த யோசனையில்தான் நிற்கிறது. இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் நம் ஊரிலேயே சிறு தொழிலாக நடத்தக்கூடியது இதுதான்.

பழச்சாறு அட்டைப்பெட்டியிலிருந்து தொடங்கலாம். இது எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு காகித அட்டை, ஐந்தில் ஒரு பங்கு பாலித்தீன், மீதி 5 சதவீதம் போல அலுமினியத் தகடு. ஒரு பெட்டியைக் கத்தரித்து ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். அட்டை பஞ்சு போல ஊறிக் கையோடு உரிந்து வரும். உரித்துவிட்டால் பளபளவென்று ஒரு மெல்லிய தோல் மிஞ்சும். அதுதான் பாலித்தீனும் அலுமினியமும் ஒட்டிய பகுதி. காகித ஆலையில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். மிக்ஸி ஜாடியைப் பிரம்மாண்டமாக்கியது போன்ற ஒரு தொட்டியில் தண்ணீரோடு சேர்த்துச் சுழற்றினால் அரைமணி நேரத்துக்குள் காகித நார் கூழாகிப் பிரிந்துவிடும். நல்ல நீளமான நார் என்பதால் காகித ஆலைக்கு அது லாபம். மிஞ்சும் தோல்தான் பலகை ஆலைக்கு வருகிறது.

அங்கே அதை முதலில் உலர்த்துகிறார்கள். ஈரம் இருந்தால் அழுத்தும்போது ஆவியாகிப் பலகை உப்பிவிடும் என்பதால் இதில் சமரசம் கிடையாது. பிறகு கத்திகள் சுழலும் எந்திரத்தில் நகம் அளவுக்குத் துண்டாக்குகிறார்கள். சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகள் சேர்ப்பதானால் இங்கேதான் சேர்ப்பார்கள். பாலித்தீன் பங்கு குறைவாகத் தெரிந்தால் பழைய கேரி பேக் துண்டுகளையும் கொஞ்சம் கலப்பார்கள். இந்தத் துண்டுகளை ஒரு இரும்புத் தட்டில், மேலும் கீழும் ஒட்டாத தாள் விரித்து, சமமாகப் பரப்புகிறார்கள். இந்தப் பரப்பும் வேலைக்குக் கை பழக வேண்டும். ஓர் ஓரம் மேடாகவும் ஓர் ஓரம் பள்ளமாகவும் விழுந்தால் பலகையின் பலமும் அப்படியே விழும். தட்டு சூடான அழுத்த எந்திரத்துக்குள் போகிறது. வெப்பம் 170 டிகிரி வாக்கில். சில நிமிடங்கள் அழுத்தியபின் குளிர்ந்த அழுத்த எந்திரத்துக்கு மாற்றுகிறார்கள். அழுத்தத்திலேயே ஆறினால்தான் பலகை வளையாமல் நேராக நிற்கும். கடைசியில் நான்கு பக்கமும் அறுத்துச் சதுரமாக்கினால் வேலை முடிந்தது. அறுத்த ஓரங்கள் மறுபடி துண்டாகி அடுத்த பலகைக்குப் போய்விடும்.

உள்ளே நடந்தது என்ன? கடலை மிட்டாய் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். வெல்லப்பாகுதான் உருகி இளகுகிறது, கடலை உருகுவதில்லை, ஆனால் ஆறியதும் பாகு கடலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. இங்கே பாகு பாலித்தீன். உருகாத பெட் செதில், அலுமினியத் துணுக்கு, மிச்சமிருக்கும் காகித நார் எல்லாம் கடலை. வெளியிலிருந்து பசை எதுவும் சேர்க்கத் தேவையில்லை, பசை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. உருக்கும் ஆலையில் தொல்லையாக இருந்த அதே உருகுநிலை வித்தியாசம் இங்கே வேலைக்கு உதவுகிறது. எல்லாவற்றையும் உருக்கிக் குருணையாக்கியே தீர வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஒரு முனை பாலித்தீனோடும் மறுமுனை பெட்டோடும் பிணையும் மூலக்கூறுகளைச் சிறிதளவு சேர்ப்பார்கள். சொட்டுகளின் எல்லை இறுகி, உடையும் தன்மை குறையும். ஆனால் அந்தச் சேர்மானம் விலை கூடியது.

கிடைக்கும் பலகை பார்க்க அழகாகவே இருக்கிறது. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளி போட்டு, நடுநடுவே அலுமினியம் மினுங்கும். தண்ணீரில் ஊறாது, கரையான் அரிக்காது, அறுக்கலாம், ஆணியும் திருகும் பிடிக்கும். பள்ளி மேசை, பெஞ்சு, தடுப்புச் சுவர், பெட்டி செய்யலாம். சூடு ஆறுவதற்குள் அலையலையான அச்சில் வைத்து அழுத்தினால் கூரைத் தகடாகிவிடும். தகரத்தைப் போல மழைக்குச் சத்தம் போடாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சூடு அதிகமான இடத்தில் பாரம் ஏற்றி வைத்தால் நாளடைவில் தொய்யும். தீப்பிடித்தால் எரியும், ஆகவே அடுப்படிக்கு மேலே வேயக் கூடாது. உணவு படும் இடத்துக்கு ஏற்றதல்ல. வெயிலில் கிடக்கும் மேற்பரப்பு காலப்போக்கில் வெளுத்து உதிரத் தொடங்கும் என்பதால் வெளியில் வைப்பவற்றுக்கு மேலே ஒரு பாதுகாப்பு அடுக்கு வேண்டும். இதையெல்லாம் மறைத்து மரத்துக்கு மாற்று என்று விற்பவர்களால்தான் நல்ல பொருளுக்குக் கெட்ட பெயர் வருகிறது.

மதுரையிலிருந்து வந்த சாலை

பிளாஸ்டிக் சாலை என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவு வருபவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே முதல் சாலையைப் போட்டுப் பார்த்தார். 2006-ல் காப்புரிமை கிடைத்தது. 2018-ல் பத்மஸ்ரீ. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 2013-ல் இதற்கென்றே வழிகாட்டு நூல் வெளியிட்டது.

பலர் நினைப்பது போலத் தாரில் பிளாஸ்டிக்கைக் கரைப்பதல்ல இந்த முறை. முதலில் ஜல்லியை 160 முதல் 170 டிகிரிவரை சூடாக்குகிறார்கள். சில மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால் ஒரு நிமிடத்துக்குள் உருகி, ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய தோலாகப் படிந்துவிடும். அதன்பிறகுதான் தார் சேர்கிறது. சாலை குழியாவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து பிடிப்பை விடுவிக்கும். கல்லின் துளைகளைப் பிளாஸ்டிக் அடைத்துவிட்டால் தண்ணீருக்கு இடமில்லை, தாரும் நன்றாக ஒட்டும். 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் போட ஏறக்குறைய 10 டன் தார் வேண்டும். அதில் ஒரு டன்னுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் சேர்க்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்த முறைக்கும் எல்லாப் பாக்கெட்டும் ஆகாது. 170 டிகிரியில் பாலித்தீனும் பாலிபுரொப்பலீனும் உருகும், பெட் உருகாது, அலுமினியம் கேட்கவே வேண்டாம். ஆகவே கேரி பேக், மெல்லிய உறைகள்தான் இதற்கு முதல் தேர்வு. பிவிசி ஒரு துண்டுகூட வரக் கூடாது. சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை விடும். மற்ற கலப்புப் பாக்கெட்டுகளுக்காக வாசுதேவன் கல்துகளும் கழிவு பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்யும் 'பிளாஸ்டோன்' என்ற தளக்கல்லையும் உருவாக்கினார்.

எனக்கு இந்தக் கண்டுபிடிப்பின் மீது மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாலைக்குள் போன பிளாஸ்டிக் திரும்ப வராது. டயர் தேய்க்கத் தேய்க்க அதன் நுண்துகள் எங்கே போகிறது என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. குப்பைமேட்டில் எரிவதைவிடச் சாலையில் கிடப்பது ஆயிரம் மடங்கு மேல். அதற்காக அதைச் சுழற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எரிப்பதும் எண்ணெய் எடுப்பதும்

இன்று நகராட்சிகள் சேகரிக்கும் பல அடுக்கு பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு, அமுக்கிப் பேல் எனப்படும் பெரிய கட்டுகளாகக் கட்டப்பட்டு சிமெண்ட் ஆலைக்குத்தான் போகிறது. தமிழ்நாட்டில் அரியலூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு. பாலித்தீனின் எரிவெப்பம் கிலோவுக்கு 40 மெகாஜூலுக்கும் மேல், நம் நாட்டு நிலக்கரியைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். சூளைக்குள் தீ நாக்கு 2000 டிகிரியைத் தொடும். பொருளே 1450 டிகிரிவரை சூடாகும். அந்த வெப்பத்தில் தெருவோரத்தில் எரிக்கும்போது வரும் நச்சுச் சேர்மங்கள் நிலைக்க முடியாது. அலுமினியம் ஆக்சைடாகி சிமெண்டின் மூலப்பொருளோடு சேர்ந்துவிடும். நிலக்கரி மிச்சமாகிறது, உண்மை. ஆனால் பொருள் போயே போய்விட்டது.

காற்றில்லாமல் 400, 500 டிகிரியில் சூடாக்கிச் சிதைப்பது இன்னொரு வழி. எண்ணெய், வாயு, கரி என்று மூன்றாகப் பிரியும். இதில் ஒரு நல்ல விஷயம்: அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். ஆகவே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் எல்லாம் ஆவியாகிப் போனபின் தகடு அப்படியே கிடக்கும், எடுத்து உருக்கி விற்கலாம். ஆனால் பெட் கலந்தால் திட அமிலங்கள் உண்டாகிக் குழாயை அடைக்கும், பிவிசி கலந்தால் எந்திரமே அரித்துப்போகும். குப்பையை ஒழுங்காகப் பிரிக்காத ஊரில் எண்ணெய் ஆலை தொடங்குவது கைக்காசைக் கரைக்கும் வேலை.

அடுக்குகளை உரிக்க முடியாதா?

முடியும். பிளாஸ்டிக்குகள் ஒன்றோடொன்று சேராததற்குக் காரணமான அதே வேறுபாடு, ஒவ்வொன்றும் வேறு வேறு கரைப்பானில் கரையும் என்பதற்கும் காரணம். அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் இதைத் துல்லியமாகச் செய்து காட்டினார்கள். பாலித்தீன், ஆக்ஸிஜன் தடுக்கும் ஒரு பிளாஸ்டிக், பெட் மூன்றும் கொண்ட படலத்தை எடுத்து, முதலில் சூடான டொலுயினில் பாலித்தீனை மட்டும் கரைத்து வடித்தார்கள். அடுத்து வேறொரு கரைப்பானில் இரண்டாவது அடுக்கு கரைந்தது. மீதி நின்றது பெட். மூன்றும் கிட்டத்தட்ட முழுமையாகத் தனித்தனியே கிடைத்தன. எந்தக் கரைப்பான், எந்த வெப்பநிலை என்பதைக் கணினிக் கணக்கீட்டின் மூலம் தேர்ந்தெடுத்ததுதான் இந்த ஆய்வின் சிறப்பு.

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து யூனிலீவர் இந்தோனேசியாவில் சாஷே எனப்படும் சின்னப் பாக்கெட்டுகளிலிருந்து பாலித்தீனைக் கரைத்து மீட்கும் ஆலை ஒன்றைச் சோதனையாக நடத்தியது. புனேயில் அஷயா என்ற நிறுவனம் சிப்ஸ் பாக்கெட் போன்றவற்றிலிருந்து மீட்ட பொருளில் வெயிலுக்குப் போடும் கறுப்பு மூக்குக்கண்ணாடி செய்து 2023-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேலை செய்யும் தொழில்நுட்பம் இருக்கிறது என்பதற்கு இவை சாட்சி. தடை பணத்தில் இருக்கிறது. கரைப்பானைச் சூடாக்கவும், திரும்ப வடித்தெடுக்கவும், ஒரு சொட்டும் காற்றில் போகாமல் காக்கவும் செலவு பிடிக்கும். புதுப் பாலித்தீன் மலிவாகக் கிடைக்கும்வரை, மீட்ட பாலித்தீனை வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் இந்த ஆலைகள் தாக்குப்பிடிப்பது கடினம்.

இடையில் ஒரு விஷயம். கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்த பொருள்களும் கலப்பு பிளாஸ்டிக்தான். படகு, தண்ணீர்த் தொட்டி, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் சுழலும் காற்றாலை இறக்கை எல்லாம் அந்த வகை. அந்தப் பிசின் ஒருமுறை இறுகினால் எந்தச் சூட்டிலும் திரும்ப உருகாது. அதனால் இதுவரை சொன்ன உருக்கும் வழி எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. அரைத்து சிமெண்ட் ஆலைக்கு அனுப்பினால் பிசின் எரிபொருளாகும், கண்ணாடி இழை சிமெண்டில் சேரும். அது தனிக் கட்டுரைக்கான பொருள்.

சட்டம் எதை மறுசுழற்சி என்கிறது?

2016-ல் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை இரண்டே ஆண்டில் ஒழிக்க வேண்டும் என்றன. 2018 திருத்தத்தில் அந்த வரி இளகியது. எரித்து ஆற்றல் எடுக்க முடிந்தாலோ வேறு ஏதாவது உபயோகம் இருந்தாலோ தொடரலாம் என்றாகிவிட்டது. எரிக்க முடியாத பிளாஸ்டிக் எது? நடைமுறையில் எந்தப் பாக்கெட்டும் ஒழியவில்லை. இந்தத் திருத்தம் பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

2022 பிப்ரவரியில் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் நிலைமையைக் கொஞ்சம் சீராக்கின. பாக்கெட்டில் அடைத்து விற்கும் நிறுவனமே அதைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு. பிளாஸ்டிக்கோடு காகிதமோ அலுமினியமோ ஒட்டியிருந்தால் அது மூன்றாம் வகை. வெவ்வேறு பிளாஸ்டிக்குகள் மட்டுமே ஒட்டியிருந்தால் இரண்டாம் வகை. மூன்றாம் வகையில் 2024-25-ல் 30 சதவீதத்தையாவது மறுசுழற்சி செய்ய வேண்டும். அது ஆண்டுக்கு 10 புள்ளிகளாக உயர்ந்து 2027-28-ல் 60 சதவீதமாக வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சாலை, சிமெண்ட் சூளை, எண்ணெய் எடுப்பது ஆகியவற்றை இந்த விதிகள் மறுசுழற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. மறுசுழற்சிக்கு ஆகாததற்கு மட்டும் அனுமதிக்கப்படும் இறுதி அகற்றல் என்று தனியே வைக்கின்றன. அடுத்தமுறை ஒரு நிறுவனம் "எங்கள் பாக்கெட்டுகள் முழுவதும் மறுசுழற்சி" என்று விளம்பரம் செய்தால், அது பலகையானதா, எரிந்ததா என்று கேட்கும் உரிமை இதனால் நமக்கு இருக்கிறது.

இந்த அழுத்தத்தால் பாக்கெட்டே மாறத் தொடங்கியிருக்கிறது. எல்லா அடுக்கும் பாலித்தீனாகவோ எல்லாமே பாலிபுரொப்பலீனாகவோ இருக்கும்படி செய்கிறார்கள். ஒரே பிளாஸ்டிக்கைச் சில இடத்தில் இழுத்து முறுக்கேற்றியும், சில இடத்தில் மெல்லிய தடுப்புப் பூச்சு கொடுத்தும் தேவையான குணங்களைக் கொண்டுவருகிறார்கள். அலுமினியத் தகடு வைத்த டூத்பேஸ்ட் டியூபுகளுக்குப் பதிலாகக் கோல்கேட் 2019-லிருந்து முழுப் பாலித்தீன் டியூபைக் கொண்டுவந்தது. மருந்துக்கும் காபிக்கும் இன்னும் அலுமினியம் தேவைப்படலாம். பத்து நாளில் விற்றுத் தீரும் மிக்சர் பாக்கெட்டுக்குத் தேவையே இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

காலிப் பாக்கெட்டைத் தட்டி உதறி, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பழைய பேப்பரால் ஒரு துடை துடைத்து, உலர்ந்த குப்பையோடு தனிப் பையில் போட்டாலே போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். ஈரப் பாக்கெட்டில் குப்பையில் கிடக்கும் சோறும் குழம்பும் ஒட்டினால் பலகை ஆலை எடுக்காது. பேலைப் பிரித்துப் பார்த்ததும் நேரே சிமெண்ட் ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். பாக்கெட்டுக்குள் பாக்கெட்டைத் திணிக்கவும் வேண்டாம், பிரிக்கும் இடத்தில் பெண்கள் ஒவ்வொன்றாக வெளியே இழுக்க வேண்டியிருக்கிறது. பழச்சாறுப் பெட்டியைத் தட்டையாக்கித் தனியே வையுங்கள், அதற்குக் காகித ஆலையின் தேவை இருப்பதால் எடுக்க ஆள் கிடைக்கும். மாத்திரை அட்டையை இவற்றோடு சேர்க்கக் கூடாது. அதில் பெரும்பாலும் பிவிசி இருக்கிறது.

ஷாம்பு பாக்கெட்டைத் திறக்கும்போது மூலையை முழுதாகக் கிழித்துத் தனியே எறியாமல், பாதி கிழித்துப் பாக்கெட்டோடு தொங்கவிடுங்கள். அந்தச் சின்னத் துண்டைப் பிரிக்க எந்தக் கையாலும், எந்தச் சல்லடையாலும் முடியாது. வெந்நீர் அடுப்பில் தீ மூட்டப் பாக்கெட்டைப் போடும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்த அடுப்பு சில நூறு டிகிரியில்தான் எரிகிறது. சிமெண்ட் சூளையில் நிலைக்காத நச்சு அங்கே நிலைக்கும். அதை முதலில் சுவாசிப்பவர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்.